எமிஸில் பையனைக் காணோம்!

பள்ளிக்கூட அலுவலக வேலை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதும், சம்பளம், இன்கிரிமென்ட், ஓய்வூதியம் என்றுதான் கடிதம் வரும் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளையைத் தேடினால் கிடைக்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

சார், நான் உதவி பெறும் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளர். ஆறாம் வகுப்பில் சேர வந்த பெண்ணை எமிஸில் பெயர் போட்டுத் தேடினால் 'பதிவு இல்லை' என்கிறது. டி.சி. கையில் இருக்கிறது. வெளியே பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். 'புதுசா ஏத்திடும்மா' என்கிறார் தலைமையாசிரியர். ஏற்றிவிடலாமா?
— வியாசர்பாடி வாசகி

ஏற்றாதீர்கள் அம்மா. தலைமையாசிரியரை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அதற்குள் தேடிவிடலாம்.

புதிதாக ஏற்றினால் அன்றைக்கு வரிசை நகரும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு எமிஸ் எண் ஆகிவிடும். பழையது ஐந்தாம் வகுப்போடு அந்தரத்தில் நிற்கும், படிப்பை நிறுத்திய பிள்ளை என்று கணக்கில் வரும். நானே ஒருமுறை அவசரப்பட்டு இப்படி ஏற்றியிருக்கிறேன். ஆகஸ்டில் பழைய பள்ளி டீச்சர் இடைநின்ற பிள்ளைகள் பட்டியலோடு புளியந்தோப்பில் சந்து சந்தாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் போனால், கதவைத் திறந்தது எங்கள் பள்ளிச் சீருடையில் அந்தப் பையனே. அவர் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து என்னைக் கேட்ட கேள்வியை இங்கே அச்சில் போட முடியாது.

முதலில் டி.சி.யைப் பாருங்கள். எமிஸிலிருந்து அச்சிட்டுத் தரும் டி.சி.யில் 16 இலக்க எமிஸ் எண் இருக்கும். அதைத் தட்டுங்கள், பெயரை அல்ல. பக்கத்தில் ஒருவர் நான்கு நான்காகப் பிரித்து வாசிக்க, நீங்கள் தட்டினால் தவறு வராது; தனியாக உட்கார்ந்து தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தால் நடுவில் வரும் பூஜ்யங்களில் ஒன்று கட்டாயம் கூடும், இல்லையென்றால் குறையும்.

எண் தெளிவாக இல்லையா, அடுத்தது கைபேசி எண். இங்கே நாம் கேட்கிற கேள்வியே தப்பு. 'உங்க நம்பர் சொல்லுங்க' என்றால் அம்மா இப்போது வைத்திருக்கும் எண்ணைச் சொல்வார். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது கொடுத்தது அப்பாவுடையதாக இருக்கும், ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போன எண்ணாக இருக்கும், பக்கத்து வீட்டு அக்காவுடையதாகக்கூட இருக்கும். 'பழைய ஸ்கூல்ல இருந்து மெசேஜ் எந்த நம்பருக்கு வரும்?' என்று கேளுங்கள், சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

பெயரை வைத்துத் தேடுவது கடைசி வழி. ஏனென்றால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே வழி என்று எதுவும் கிடையாது. தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 'டி' மட்டுமா, 'டி'யோடு 'எச்'சுமா? ழகரத்துக்கு 'எல்'லா, 'இசட் எச்'சா? நடுவில் 'சி எச்' உண்டா? 'எஸ்' ஒன்றா இரண்டா? செல்வி ஒட்டியிருக்கிறாளா தனியாக நிற்கிறாளா? இந்த ஐந்தை மட்டும் பெருக்கினாலே 32 விதம் வருகிறது. அதில் எதைப் பழைய பள்ளியில் ஒரு மத்தியான வேளையில் தட்டினார்களோ யாருக்குத் தெரியும். அதனால் முழுப் பெயரைத் தட்டவே வேண்டாம். எப்படி எழுதினாலும் மாறாத துண்டை எடுங்கள். இங்கே அது 'செல்வி', ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. அதோடு வகுப்பையும் பிறந்த தேதியையும் சேர்த்தால் பட்டியல் சுருங்கிவிடும். ஆனால் சில மென்பொருள் பெயரின் தொடக்கத்தை மட்டும்தான் பார்க்கும், சில நடுவிலும் பார்க்கும். உங்களுடையது எந்த ரகம் என்று தெரிய, உங்கள் பள்ளியில் நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையின் பெயரில் நடுத்துண்டை மட்டும் தட்டிப் பாருங்கள். வந்தால் நடுவிலும் பார்க்கிறது. வரவில்லையென்றால் தொடக்கத்தில் இருந்து மூன்று எழுத்து போதும், அதற்கு மேல் போகாதீர்கள்.

இனிஷியலையும் தட்டாதீர்கள். முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா, புள்ளிக்கு அப்புறம் இடைவெளி உண்டா என்பதெல்லாம் ஏற்றியவர் கைப்பழக்கம். போதாக்குறைக்கு 2021 டிசம்பரில், இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா சுப்பிரமணி என்றால் ஒரு பள்ளியில் பெண் 'எஸ். கவிதா', இன்னொன்றில் 'சு. கவிதா'. கணினிக்கு அது இரண்டு பெண்.

இத்தனைக்கும் அப்புறமும் வரவில்லை என்றால், டி.சி.யைக் கையில் கொடுத்தவர் திரையில் விடுவிக்க மறந்திருப்பார். காமன் பூல் என்று நாம் சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் பிள்ளை வந்தால்தான் நீங்கள் எடுக்க முடியும். பழைய பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். காலை பத்தரைக்கு முன்னால் போடாதீர்கள், எடுக்கமாட்டார்கள். நானும் எடுத்ததில்லை.

ஐயா, எங்கள் பள்ளி மென்பொருளில் தமிழிலும் பெயர் தேடலாம். ஏழாம் வகுப்புப் பட்டியலில் 'கௌசல்யா' கண் முன்னால் இருக்கிறாள். அதே பெயரைத் தேடல் பெட்டியில் தட்டினால் இல்லை என்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது. கணினிக்குக் கண் தெரியவில்லையா?
— திருவல்லிக்கேணி ஆசிரியர்

கண் இல்லாததுதான் பிரச்சினையே. நாம் உருவத்தைப் பார்க்கிறோம், அது உள்ளே இருக்கும் குறியெண்ணைப் பார்க்கிறது.

இந்த இரண்டையும் பாருங்கள்: கௌசல்யா, கெளசல்யா. முதலாவதில் ககரத்துக்கு ஔகாரக் குறி போட்டிருக்கிறது, அது ஒரே குறி. இரண்டாவதில் எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை முழு எழுத்தாகத் தட்டியிருக்கிறது. அதாவது கணினி அதை 'கெ-ள-சல்யா' என்றுதான் வாசிக்கும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஔவை, மௌனிகா, சௌமியா எல்லோருக்கும் இதே கதி. இன்னொருவர் வந்து 'கவுசல்யா' என்று எழுதிவைத்தால் மூன்றாவது கட்சி.

அடுத்தது ஸ்ரீ. ஸ்ரீதர், ஸ்ரீநிதி, ராஜஸ்ரீ என்று வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். எழுத்துகளுக்குக் குறியெண் தரும் முறைக்கு யூனிகோடு என்று பெயர், அதில் இதற்கும் இரண்டு வழி. ஸகரத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று, 2005-ல் தமிழுக்குச் சேர்த்த ஶகரத்தில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் அதே சுழி. உங்கள் போனில் ஒன்று வரும், அலுவலகக் கணினியில் இன்னொன்று வரும். வாட்ஸப்பில் வந்த பெயரை நகலெடுத்து ஒட்டித் தேடிவிட்டு, பிள்ளை இல்லவே இல்லை என்று சாதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மோகன், கோபால் போன்ற பெயர்களில் வேறு வகை. 'மோ' என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்றும் வைக்கலாம். இவை இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடே ஒத்துக்கொள்கிறது, அதனால் ஒழுங்காக எழுதிய மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடும். ஔகாரமும் ஸ்ரீயும் அப்படி இல்லை, யூனிகோடு கணக்கில் அவை வேறு வேறு. மென்பொருள் எழுதியவர் தனியாக மெனக்கெட்டிருந்தால்தான் உண்டு, பெரும்பாலும் மெனக்கெட்டிருக்க மாட்டார்.

உங்களுக்கு வழி: சிக்கலான எழுத்தை விட்டுவிடுங்கள். கௌசல்யாவுக்கு 'சல்யா' என்று தட்டுங்கள். ஸ்ரீநிதிக்கு 'நிதி'. கிடைத்ததும் திருத்திவைத்துவிடுங்கள், அடுத்து வருகிறவர் வாழ்த்துவார். அப்புறம் இன்னொன்று. பட்டியலில் சில பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தால், அது வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. யூனிகோடும், டேஸ்16 என்கிற தமிழ்க் குறியீட்டு முறையும்தான் இனி என்று அரசு 2010-ல் சொல்லிவிட்டது, ஆனால் அதற்கு முன்னால் தட்டிய பட்டியலை யாரோ ஒருவர் அப்படியே ஒட்டிவைத்திருப்பார். அதை எத்தனை வருடம் தேடினாலும் வராது. எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் எமிஸ் பட்டியலை இறக்கி எக்செலில் திறந்தால் எல்லா மாணவர்களின் எண்ணும் பூஜ்யத்தில் முடிகிறது. இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று சரிபார்த்தால் பாதி வகுப்பு இரட்டை என்கிறது. சர்வர் கோளாறா?
— அண்ணா நகர், தனியார் பள்ளி அலுவலகம்

சர்வரைத் திட்டாதீர்கள், பாவம், அது நிறைய வாங்கிக்கட்டிக்கொள்கிறது. இது எக்செலின் வேலை. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். எமிஸ் எண் 16. கடைசி இலக்கத்தைத் தூக்கிப்போட்டுப் பூஜ்யம் வைத்துவிடும். அந்தக் கோப்பை அப்படியே சேமித்துவிட்டீர்கள் என்றால் போன இலக்கம் போனதுதான், பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் திரும்பாது. மறுபடி இறக்குங்கள். இந்தத் தடவை கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், காலி எக்செலைத் திறந்து, டேட்டா பகுதியில் இருந்து உள்ளே இழுத்து, எமிஸ் எண் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

இரட்டைப் பதிவு விஷயம் இன்னும் பொல்லாதது. பத்தியை டெக்ஸ்ட் ஆக வைத்திருந்தாலும் ஒரு எண் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் கவுண்டிஃப் சூத்திரம் அதை எண்ணாக நினைத்து 15 இலக்கத்தோடு நிறுத்திவிடும். ஒரே நாளில் வரிசையாக ஏற்றிய பிள்ளைகளுக்குக் கடைசி இலக்கம் மட்டும்தானே மாறும், அதனால் எல்லோரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்கள். சூத்திரத்தில் தேட வேண்டிய செல்லுக்குப் பின்னால் ஒரு ஆம்பர்சேண்டும் (&), மேற்கோளுக்குள் ஒரு நட்சத்திரக் குறியும் ("*") சேருங்கள். அப்போது எழுத்தாக ஒப்பிடும், பாதி வகுப்பு திரும்பி வந்துவிடும். இதைப் பார்க்காமல் 'இரட்டை' என்று நினைத்து யாரையாவது நீக்கிவிட்டீர்களா என்று உடனே பாருங்கள்.

என் மகன் ஏழாம் வகுப்பு. தனியார் பள்ளியிலிருந்து மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றுகிறோம். ஃபீஸ் பாக்கி என்று பழைய பள்ளி டி.சி.யும் தரவில்லை, எமிஸிலும் விடுவிக்கவில்லை. புதுப் பள்ளியில் தேடினால் வரவில்லை என்கிறார்கள். பையன் இரண்டு வாரமாக வீட்டில் இருக்கிறான்.
— தண்டையார்பேட்டை, ஒரு தாய்

முதலில் பையனைப் பள்ளிக்கு அனுப்புங்கள் அம்மா. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5. எட்டாம் வகுப்பு வரை, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளையை டி.சி. வரவில்லை என்று காரணம் சொல்லித் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது. டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கிற கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. கணினியில் பெயர் ஏறுவதும் வகுப்பில் உட்காருவதும் வேறு வேறு வேலை, இரண்டாவதுக்காக முதலாவது காத்திருக்கலாம்.

பழைய பள்ளிக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள், எமிஸில் விடுவிக்கும்படியும் அதிலேயே கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லை என்றால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரைப் பாருங்கள். 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணிலும் சொல்லிவைக்கலாம். பாக்கி பாக்கிதான், அது உங்களுக்கும் பள்ளிக்கும் உள்ள கணக்கு. பையன் பெயரில் அதை எழுதக் கூடாது.

இரட்டையர் இருவர் எங்கள் பள்ளியில். ஒருவன் பதிவைத் திறந்தால் இன்னொருவன் மதிப்பெண் இருக்கிறது!
— மாதவரம்

பிறந்த தேதி, அப்பா, அம்மா, போன், முகவரி எல்லாம் ஒன்று. பெயரும் ராம்குமார், ராஜ்குமார் என்று வைத்துவிடுவார்கள். கைபேசி எண்ணில் தேடி முதலில் வந்தவனைக் கிளிக் செய்யும் பழக்கத்தை நிறுத்துங்கள், அவ்வளவுதான். இவர்களுக்கு மட்டும் சேர்க்கை எண்ணால் தேடுங்கள். மதிப்பெண் ஏற்றும் ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். முகத்தைப் பார்த்தே குழம்புகிறவர் திரையைப் பார்த்துத் தெளியப்போவதில்லை.

அம்பத்தூர் பக்கம் எங்கள் பள்ளியில் பீகார், ஒடிசா பிள்ளைகள் நிறையச் சேர்கிறார்கள். பொதுத் தொகுப்பில் ஒருவரும் கிடைப்பதில்லை.
— அம்பத்தூர் தலைமையாசிரியை

எமிஸ் தமிழ்நாட்டினுடையது மேடம், அங்கே படித்த பிள்ளை இதில் எப்படி இருக்கும். பழைய தாள் ஏதாவது வைத்திருந்தால் அதில் பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண்ணைத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: நமக்கு 33, பீகாருக்கு 10, ஒடிசாவுக்கு 21. எந்தப் பள்ளி என்று தெரிந்தால் பென் என்கிற, பிள்ளையின் நிரந்தரக் கல்வி எண்ணைக் கேட்டு வாங்கலாம். அதுவும் 11 இலக்கம்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாள் எதுவுமே இல்லையென்றாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. இங்கே புதுப் பதிவு போடுவதில் தப்பில்லை, ஆனால் அண்ணன் தங்கை பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். பெற்றோர் போன வருடம் வேறொரு சைட்டில் வேலை பார்த்தபோது செங்குன்றத்திலோ சிறுசேரியிலோ ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள்.

நான் 1988-ல் எட்டாம் வகுப்பு படித்துவிட்டு நின்றவன். டி.சி. தொலைந்துவிட்டது. பள்ளியில் கேட்டால் 'கம்ப்யூட்டர்ல இல்லையே' என்று அனுப்பிவிட்டார்கள்.
— ராயபுரம் வாசகர்

கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும் சார். நீங்கள் இருப்பது அலமாரியில். சேர்க்கைப் பதிவேடு என்று தலையணை கனத்தில் ஒன்று, கெட்டி அட்டை, ஓரம் பூச்சி தின்றிருக்கும், திறந்தால் தும்மல் வரும். அதை நிரந்தர ஆவணமாக வைத்திருக்க வேண்டும், கழிக்கக் கூடாது.

அதில் பெயர் அகர வரிசையில் இருக்காது. சேர்ந்த தேதி வரிசையில், சேர்க்கை எண் போட்டு, ஒருவர் கீழ் ஒருவராக எழுதியிருக்கும். அதனால் நீங்கள் நின்ற வருடத்தைச் சொன்னால் பிரயோஜனம் இல்லை, சேர்ந்த வருடத்தைச் சொல்ல வேண்டும். அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தீர்களா? அப்படியானால் எட்டு வருடம் பின்னால் போய், 1980 ஜூனில் பார்க்கச் சொல்லுங்கள், எங்காவது ஒரு வருடம் ஃபெயில் என்றால் இன்னும் ஒரு வருடம் பின்னால் போங்கள். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர் என்றால் 1985. அப்பாவின் முழுப் பெயரையும் தொழிலையும் சொல்லுங்கள், அந்தப் பத்தி பெரும்பாலும் நிரப்பியிருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்று வாத்தியாரே போட்டுவிட்ட தேதிகள் உண்டு, ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள் ஒரு பக்கத்திலேயே ஏழெட்டுப் பேரை நான் எண்ணியிருக்கிறேன்.

ஜூன் மாதச் சேர்க்கை நெரிசலில் போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் ஒரு மத்தியானம் போய், சேர்ந்த வருடம் எழுதிய விண்ணப்பத்தைக் கொடுத்து, 'அட்மிஷன் ரிஜிஸ்டர்ல பாருங்க சார்' என்று சொல்லிப் பாருங்கள். பதிவேட்டின் பெயரைச் சொன்னாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

சார், ட்யூஷன் சென்டர் ஒன்றிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் போன் நம்பர் கேட்கிறார்கள். தேடி எடுத்துக் கொடுப்பதில் என்ன தப்பு, பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்கிறார் சக ஊழியர்.
— பெயர், ஊர் வேண்டாம்

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதே வசதி அந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைதான், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் விவரத்தைக் கையாளக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. பெற்றோர் நம்பர் கொடுத்தது பள்ளிக்கு, சென்டருக்கு இல்லை. சென்டர்காரர் வேண்டுமானால் பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்.

உங்கள் சக ஊழியர் எப்படியும் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளியின் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கிறதா? நான் பார்த்த பத்து அலுவலகத்தில் ஏழில் இருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் கிளம்புவதற்குள் தலைமையாசிரியரிடம் சொல்லி அதை மாற்றச் சொல்லுங்கள். புதுசைத் தாளில் எழுதி ஒட்டாதீர்கள், மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள்.